முழங்கால் அளவு

ஆற்றில் தண்ணீர் முழங்கால் அளவுதான் என்றான் ஏஜெண்ட்.
யாருடைய முழங்கால் என்று நான் கேட்கவில்லை.
அப்போது ஆடி. மியாவடியில்
பதினொரு நாளாக விடாத மழை.
தம்பி என் குடையையும் எடுத்துக்கொண்டு போயிருந்தான்,
கேட்காமல்.

மோல்மேனிலிருந்து வேன்.
டாவ்னா மலை தாண்டுவதற்குள் ஏழு கேட்.
ஒவ்வொரு கேட்டிலும் வேறு சீருடை, ஒரே கேள்வி.
துணி எடுக்கப் போகிறேன், என்றேன் முதல் நான்கில்.
ஐந்தாவதில் நிஜம் வாயை முந்திக்கொண்டது.
அந்தப் பையனுக்குப் பதினெட்டு இருக்கும்.
துப்பாக்கியை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு
காசு வாங்காமல் விட்டான்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தகர ஷெட்.
மேஜை, நீல நோட்டு, ஓடாத விசிறி.
பெயர் என்ன, அமா?
வீட்டில் மாசிலாமணி.
கார்டில் ஸோ மின் ஊ.
கூடப் போனவர்கள் கலா என்றுதான் கூப்பிட்டிருப்பார்கள்,
அதை நான் சொல்லவில்லை.
எழுதுகிறவர் ஒன்றைத்தான் எழுதினார்.
கட்டத்தில் அவ்வளவுதான் இடம்.

அடையாளம்?
முழங்காலில் தழும்பு. சைக்கிளிலிருந்து விழுந்தது,
ஏழு தையல்.
இடதா, வலதா?

கண்ணை மூடினேன்.
அவனைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தேன்.
லுங்கியைத் தூக்குடா என்றேன்.
சிரித்தான். மாட்டேன் என்றான்.
தழும்பு என் வலது கைப் பக்கம்,
அப்படியானால் அவனுக்கு இடது.
இல்லை, தையல் போடும்போது
நான் பின்னால் உட்கார்ந்தல்லவா
அவன் தலையைப் பிடித்திருந்தேன்?
அப்போது எந்தப் பக்கம்?
இருபத்து நாலு வருஷம் சோறு போட்ட கை இது.
ஒரு கால் தெரியவில்லை.
ரெண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள், என்றேன்.
அவர் பேனாவை மூடினார்.

வெளியே டீக்கடை.
போட்டோவைக் கவிழ்த்து வைத்துவிட்டு
மொகிங்கா சாப்பிடுகிறவர்கள்.
தட்டோனிலிருந்து ஒரு மோன் பெண், மி ஹ்லாயின்,
தேடுவது மகளை. தனக்கா பூசிய படம்,
கன்னம் மட்டும் பளிச்சென்று தெரிகிறது.
பாஅன் லாரிக்காரருக்கு இரண்டு மகன்கள், ஒரே படம்.
நடுவில் மடித்து மடித்து
அண்ணனுக்கும் தம்பிக்கும் இடையே
ஒரு வெள்ளைக் கோடு விழுந்துவிட்டது.
நீ மேல்துறைக்குப் போனால் இவர்களையும் பார், என்றார்.
நான் கீழ்த்துறைக்குப் போனால் உன் ஆளைப் பார்க்கிறேன்.
சீட்டாட்டம்போலப் படங்களை மாற்றிக்கொண்டோம்.

துறையில் டியூபில் ஆள் கடத்துகிறவன்
என்னையும் கேட்டான்: போகணுமா, அக்கா?
பக்கத்தில் குடை விற்கிறார்கள்.
என்னுடையது போலவே ஒன்று, பச்சைக் கைப்பிடி.
நனைந்துகொண்டே விலை பேசினேன்.
வாங்கவில்லை.
வாங்கிவிட்டால் அவன் எதைத் திருப்பிக் கொண்டுவருவான்?

கிளம்பும்முன் விளக்குக் கம்பங்களில்
அவன் படத்தையும் என் நம்பரையும் ஒட்டினேன்.
பசை போதவில்லை.
கடைசிக் கம்பத்துக்குச் சோற்றுப் பருக்கை.

இப்போது தை.
இப்போதுதான் ஆற்றில் முழங்கால் அளவு தண்ணீராம்.

நேற்று ராத்திரி போன். தெரியாத நம்பர்.
பர்மியக் குரல், பெண், என் வயதிருக்கலாம்.
கம்பத்தில் பார்த்தேன், என்றாள்.
என் மூச்சு எங்கே போயிற்று என்று தெரியவில்லை.
உங்கள் தம்பியை அல்ல. உங்கள் நம்பரை.
நான் என் வீட்டுக்காரரைத் தேடுகிறேன்.
யாரிடம் கேட்பது என்று...
உங்களுக்குக் கிடைத்தாரா?

இல்லை.

அந்தப் பக்கம் ஏதோ லாரி கடந்து போனது.
வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.
வைக்கவில்லை. நானும்.

அவருக்கு என்ன அடையாளம்? என்று கேட்டேன்.
காதில் மச்சம்.
எந்தக் காது?

பதில் இல்லை.

கண்ணை மூடிக்கொள்ளுங்கள், என்றேன்.
அவரைக் கூப்பிட்டு எதிரே உட்காரவையுங்கள்.
அவசரமில்லை.
நான் லைனில்தான் இருக்கிறேன்.